அண்மையில் என்ன வாசித்தீர்கள்? பிடித்ததையும் பிடிக்காததையும் எழுதுங்கள்

வெள்ளவத்தை வாசகி:

அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' நாவலைப் போன கிழமை முடித்தேன். 2021இல் புக்கர் குறும்பட்டியலுக்குப் போன புத்தகம். வாசித்த நண்பர்கள் பலர் "அதிலே கதையே இல்லை" என்று சொன்னதால் இவ்வளவு காலமும் தள்ளிப் போட்டிருந்தேன். கதை இருக்கிறது. கொழும்பில் அம்மாவோடும் அப்பம்மாவோடும் வாழ்கிற கிருஷானுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. அப்பம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த ராணி, ஊருக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டார். செத்தவீட்டுக்கு அவன் ரயிலேறி வடக்கே போகிறான். வெளியே நடப்பது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அவனுடைய யோசனை.

எனக்கு மிகவும் பிடித்தது பூசலார் நாயனார் கதை வருகிற இடம். சைவ சமயப் பாடத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய கதைதான். கையில் காசில்லாத மனிதர் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை வைத்து, நாள் பார்த்துக் குடமுழுக்கு வரைக்கும் போகிறார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலை விட்டுவிட்டுச் சிவன் இவருடைய கோயிலுக்குத்தான் முதலில் வருகிறார். போர் நடந்தபோது தூரத்தில் இருந்த கிருஷான், படங்களையும் சாட்சியங்களையும் தேடித் தேடிப் பார்த்து, முகம் தெரியாமல் செத்துப்போனவர்களுக்காக மனத்துக்குள் ஒன்றைக் கட்டிக்கொள்கிறானே, அதற்குப் பக்கத்தில் இந்தக் கதையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சின்ன வயதில் கேட்ட ஒரு கதையின் பாரம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

குறையும் சொல்ல வேண்டும். நாவலில் யாரும் நேரே பேசுவதில்லை. இரண்டு மகன்களையும் போரில் இழந்த ராணியின் துக்கம் முழுவதையும் கிருஷானின் நினைப்பு வழியாகத்தான் அறிகிறோம். அந்த மனிசி தன் வாயால் நாலு வசனம் பேசியிருந்தால் என்ன என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

நீங்கள் என்ன வாசித்தீர்கள்? பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்றும் எழுதுங்கள்.

தெஹிவளை ரீச்சர்:

தங்கச்சி, நீங்கள் சொன்ன புத்தகத்தை நானும் வாசித்தேன். எனக்கு அது அளவுக்கு மீறி உள்ளேயே சுற்றுகிற எழுத்து. அதற்குப் பிறகு எடுத்ததால்தானோ என்னவோ, வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' என்னைப் பிடித்து இருத்திவிட்டது. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்ற நாவல்.

சசி யாழ்ப்பாணத்தில் வைத்தியராக வர ஆசைப்படுகிற பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் எல்லாம் ஆண்கள். தொடக்கத்திலேயே அடுப்பில் இருந்த கொதிதண்ணீர் அவள்மேல் ஊற்றுண்டு போகிறது. அலறல் கேட்டு ஓடி வருகிற அயலட்டைப் பெடியன் ஒருவன் முட்டையை உடைத்து வெந்த இடத்தில் ஊற்றுகிறான். அந்தப் பெடியன்தான் பிறகு புலிகள் இயக்கத்துக்குப் போகிறான். அப்படிப் போனவர்களை அரக்கர்களாகவும் காட்டாமல், தெய்வங்களாகவும் காட்டாமல், எங்கள் வீட்டுக் குசினிக்குள் வந்து நின்ற பிள்ளைகளாகவே காட்டுகிறார். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு அந்தப் பக்கங்கள் சரியான கஷ்டமாக இருந்தன.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் கதைக்குள் வருகிறது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். அந்த நூலகத்தில் இருந்து படித்த ஒரு பிள்ளையின் கண்ணால் அதைப் பார்ப்பது வேறு. அஞ்சலி என்கிற விரிவுரையாளர் பாத்திரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பித்த ராஜினி திராணகமவை நினைத்து எழுதப்பட்டது. அதனால் நாவலை முடித்த கையோடு 'முறிந்த பனை'யையும் திரும்ப எடுத்தேன். ராஜினி உட்பட நால்வர் எழுதிய அந்த நூலை இளம் ஆட்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். 1989இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நூலில் பெண்கள் சொல்கிற சாட்சியங்களை ஒரே இருப்பில் வாசிக்க என்னால் முடியவில்லை.

நாவலில் பிடிக்காதது ஒன்று. கதைசொல்லி அடிக்கடி வாசகரைப் பார்த்து நேரே பேசுகிறாள், விளக்குகிறாள். அந்த வாசகர் நானில்லை. இங்கே நடந்தது எதுவும் தெரியாமல் எங்கேயோ தூரத்தில் இருக்கிற ஒருவர். எங்கள் கதையை எங்களுக்குச் சொல்வதாக இருந்தால் அந்த விளக்கங்களில் பாதி வேண்டியிராது.

ஊவாக்காரன்:

ரீச்சர், வாசகி, இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கதைகள் எல்லாம் வடக்கே போகிற ரயிலில்தான் ஏறுகின்றன. நான் பதுளைக் கோச்சியில் கொழும்புக்கு வந்தவன். அந்தப் பாதையில் இருந்து வந்த ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன்.

தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1979இல் வந்த சிறுகதைத் தொகுப்பு. அவர் 2022இல் காலமானார். அதற்குப் பிறகுதான் என்னுடன் வேலை செய்கிற பலர் அவருடைய பெயரையே கேள்விப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 2013இலேயே விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கொண்டாடிவிட்டார்கள். அவர் வாழ்ந்ததோ நமக்குப் பக்கத்தில், வத்தளையில்.

அவருடைய 'மீன்கள்' கதையை வாசிக்காதவர்கள் தயவுசெய்து தேடி வாசியுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு உள்ள ஒரே அறை. புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அதற்குள்தான் படுக்க வேண்டும். விளக்கை அணைத்தால் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாது. அந்த இருட்டில் ஒரு தகப்பனுக்கு நேர்கிற கூச்சத்தை, அவமானத்தை எழுதியிருக்கிறார். அதில் அவர் தோட்டத்துத் துரையைத் திட்டிப் பிரசங்கம் வைக்கவில்லை. காம்பராவின் அளவைக் காட்டுகிறார், அதுவே போதுமாக இருக்கிறது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களமும் கொழுந்து நிறுக்கிற மடுவமும் அவருடைய கதைகளில் படம் பிடிப்பதற்காக வருவதில்லை. அங்கே நின்று வேலை செய்கிறவர்களோடு வருகின்றன.

எங்கள் வீட்டில் அப்பாயி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே விஷயம்தான்: யார் கப்பலேறிப் போனார்கள், யார் நின்றார்கள். 1948இல் தோட்டத்துத் தமிழர்களின் குடியுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். தாத்தாவின் அக்கா குடும்பம் நீலகிரிப் பக்கம் போனது, நாங்கள் இங்கே. இதை வைத்து எத்தனை நாவல் எழுதலாம்! வெளியீட்டு விழாக்களில் 'ஈழத்து இலக்கியம்' என்று பட்டியல் போடும்போது மலையகத்துக்குக் கடைசியில் ஒரு வரி ஒதுக்குகிறார்கள். மலையகத்து மூத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. கொழும்பில் வீட்டு வேலைக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகள், சாப்பாட்டுக் கடைகளிலும் புடைவைக் கடைகளிலும் நிற்கிற பெடியன்கள், இவர்களை வைத்து யாராவது தமிழில் நல்ல நாவல் எழுதியிருக்கிறார்களா? பெரிதாக யோசித்தால், கொழும்பு எந்தத் தமிழ் நாவலில் இருக்கிறது?

பெற்றா தம்பி:

அண்ணா, நானும் கடையில் நிற்கிற பெடியன்தான். மெயின் வீதியில் புடைவைக் கடை. புதுப் புத்தகம் வாங்குவது எங்களுக்குக் கஷ்டம். இந்தியாவில் இருந்து வருகிற நாவல்களின் விலையைப் பார்த்தாலே கை பின்னுக்குப் போய்விடும். நான் 'நூலகம்' என்கிற இணையத் தளத்தில் போனிலேயே வாசிக்கிறேன். பழைய இலங்கைப் புத்தகங்கள், 'மல்லிகை' இலக்கிய இதழ்கள் எல்லாம் காசில்லாமல் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய வேலை அது. அதைச் செய்கிறவர்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

இப்போது வாசித்துக்கொண்டிருப்பது 'பொன்னியின் செல்வன்'. படம் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். வந்தியத்தேவன் படகில் இலங்கைக்கு வருகிற பாகம்தான் எனக்குப் பிடித்தது. தம்புள்ளை, அநுராதபுரம், அங்கே தெருவில் போகிற பெரஹரா ஊர்வலம் எல்லாம் வருகிறது. ஒரு போயா (பௌர்ணமி) லீவுக்குக் கடைக்காரர்களோடு அநுராதபுரம் போனபோது அந்தப் பக்கங்கள்தான் மனத்தில் ஓடின. இதைப் பெரிய இலக்கியம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு வாசிக்கிற பழக்கத்தைத் தந்தது அதுதான்.

மருதானை வாசகர்:

தம்பி நூலகத்தைப் பற்றிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நான் சொல்ல வந்த புத்தகமும் அங்கேதான் வாசித்தது. சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்'. 1885இல் வந்தது, இலங்கையில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவல் என்று சொல்வார்கள். 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்து ஆறே வருஷத்தில். பெயரைப் பாடசாலையில் எல்லோரும் எழுதியிருப்போம், வாசித்தவர்கள் எத்தனை பேர்?

கதை இலங்கையில் நடப்பதே இல்லை. எகிப்தில் ஒரு பெரிய குடும்பத்துப் பிள்ளையைக் குழந்தையிலேயே திருடிக் கொண்டுபோகிறார்கள். அவன் பம்பாயில் வளர்கிறான், கல்கத்தாவுக்குப் போகிறான், கடைசியில் தன்னுடைய சொந்தத்தைத் தேடி மிஸ்றுக்கு, அதாவது எகிப்துக்கு, போகிறான். காணாமல் போவது, வேஷம் போடுவது, தப்பிப்பது என்று பக்கத்துக்குப் பக்கம் சம்பவம். நடை இன்றைக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான், சரி. ஆனாலும் விறுவிறு என்று போகிறது.

கண்டியில் பிறந்த ஒரு சட்டத்தரணிக்கு ஏன் எகிப்து? இதற்கு என் மனத்தில் ஒரு விடை இருக்கிறது. 1883 தொடக்கத்தில், தங்களை எதிர்த்து நின்ற எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவை ஆங்கிலேயர்கள் எகிப்தில் இருந்து நாடுகடத்திக் கொழும்புக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சித்திலெப்பை அதற்கு முந்திய வருஷம்தான் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டது. 1892இல் மருதானையில் ஸாஹிரா பாடசாலை தொடங்கப்பட்டதிலும் இரண்டு பேருடைய பங்கும் உண்டு. அப்படியானால் அந்த நாவலின் மிஸ்று, கொழும்பில் இருந்த ஒரு வீட்டு விறாந்தையில் கேட்ட பேச்சுகளில் இருந்தும் வந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் ஸாஹிரா வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது அந்த நாவல் ஞாபகத்துக்கு வருகிறது.

ஊவாக்காரனின் கேள்விக்கு இது நேர் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். இங்கே நாவல் தொடங்கியபோதே அதன் கண் வேறு ஊரில்தான் இருந்தது.

வெள்ளவத்தை வாசகி:

நாநா, ஒறாபி பாஷாவையும் இந்த நாவலையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. இன்றைக்கே எடுத்துப் பார்க்கிறேன்.

ஊவாக்காரன் அண்ணை, 'மீன்கள்' வாசித்திருக்கிறேன், வாசித்த அன்று யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது. வெள்ளவத்தையில் புத்தகக் கடைகள் இருக்கின்றன. தமிழ்ச் சங்கம் 1942இல் இருந்து இருக்கிறது. வெளியீடும் விமர்சனக் கூட்டமும் நடந்தபடிதான் இருக்கின்றன. அச்சடிப்பது, விற்பது, பேசுவது எல்லாம் இங்கே. கதை நடப்பது மட்டும் வேறெங்கோ.

கொட்டாஞ்சேனை:

கொழும்பு ஒரு புத்தகத்தில் முழுசாக இருக்கிறது. ஷெஹான் கருணாதிலக்கவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா'. 2022 புக்கர் பரிசு. ஆங்கிலத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

மாலி ஒரு போர்ப் படப்பிடிப்பாளர். கதை தொடங்கும்போதே செத்துப்போய்விட்டார். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஏழு நிலவு தவணை. 1989-90 காலம். தெற்கில் ஜேவிபி கிளர்ச்சிக்காரர், வடக்கில் புலிகள், இந்தியப் படை, அரசாங்கத்தின் கொலைக் குழுக்கள் எல்லாம் ஒன்றாக ஆடிய காலம். கதை முழுக்க 'நீ' என்றே சொல்லப்படுகிறது. செத்தவர்கள் பேய்ரா வாவிப் பக்கம், பஸ் தரிப்பிடங்களில், ஆஸ்பத்திரி வாசல்களில் வரிசையாக நின்று தங்கள் தங்கள் நியாயத்தைச் சொல்கிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு மேசையில் இருந்திருக்க மாட்டாத ஆட்கள்.

அப்பா அந்த வருஷங்களில் துறைமுகத்தில் வேலை செய்தவர். காலையில் போகும்போது தெருவில் என்ன பார்த்தார் என்று வீட்டில் சொன்னதே இல்லை. இதை வாசித்த பிறகு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, களனி ஆற்றுப் பாலத்தைப் பற்றிச் சொன்னார். எனக்கு இந்த நாவல் செய்த உபகாரம் அதுதான்.

சிங்களப் பெயர் கொண்ட ஒருவர் எங்கள் போரை எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மற்றவரின் செத்தவர்களையும் எண்ணிப் பார்க்கிற ஒருவர் எழுதத்தான் வேண்டும் என்பேன். எனக்குள்ள கவலை வேறு. 83 கலவரத்தையும் 89இன் கொலைகளையும் இந்த நகரத்தில் இருந்து பார்த்த தமிழ் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் தமிழில் இப்படி ஒன்றை ஏன் எழுதவில்லை?

தெஹிவளை ரீச்சர்:

தமிழில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம் தம்பிமார். அ. ந. கந்தசாமியின் 'மனக்கண்' இருக்கிறது. அறுபதுகளில் தினகரன் பத்திரிகையில் தொடராக வந்தது. யாழ்ப்பாணத்துப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஸ்ரீதர் கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், ஒரு ஆசிரியரின் மகள் பத்மாவைக் காதலிக்கிறான். அவன் ஈடிப்பஸ் நாடகத்தில் நடிப்பதும் வருகிறது, அந்த நாடகத்துக்கும் அவனுடைய வாழ்க்கைக்கும் இடையில் ஆசிரியர் ஒரு கயிறு கட்டிக்கொண்டே போகிறார். தொடருக்குரிய திருப்பங்கள் கூடுதல்தான். ஆனாலும் அந்த நாள் கொழும்பில் படித்த பிள்ளைகளின் பேச்சும் கனவும் அதில் இருக்கின்றன. கந்தசாமி 1968இலேயே போய்விட்டார். இருந்திருந்தால் இன்னும் எழுதியிருப்பார்.

ஏன் இத்தனை குறைவு என்று கேட்டால், நான் நினைப்பது இது. எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் கந்தோர் உத்தியோகம், பத்திரிகை, படிப்பித்தல் என்று இங்கே வந்தவர்கள். அறை எடுத்துத் தங்கி, லீவு கிடைத்தால் ராத்திரி மெயில் ரயிலில் ஊருக்குப் போனவர்கள். வீடு அங்கே, சம்பளம் இங்கே. 58இலும் 77இலும் 83இலும் அடிபட்டு ஓடிய பிறகு இதை எங்களுடைய ஊர் என்று சொல்லவே மனம் வரவில்லை. தன்னுடைய ஊர் என்று நினைக்காத இடத்தைப் பற்றி ஆற அமர இருந்து யார் நாவல் எழுதுவார்கள்?

மருதானை வாசகர்:

ரீச்சர் சொன்னது யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களுக்குச் சரி. எங்கள் கதை அப்படி இல்லை. வாப்பாவின் வாப்பாவும் இதே ஒழுங்கையில் பிறந்தவர். போவதற்கு எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. வீட்டில் பேசுவது தமிழ்தான், தெருவில் சிங்களம், பிள்ளைகளுக்கு இப்போது ஆங்கிலம். கொட்டாஞ்சேனையில், ஜிந்துப்பிட்டியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ் ஆட்களும் அப்படித்தானே? நாங்கள் ஏன் எழுதவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். புத்தகத் தமிழ் ஒன்று, எங்கள் வாயில் இருக்கிற தமிழ் ஒன்று. அதை எழுதினால் ஆசிரியர்மார் சிவப்புப் பேனாவால் வெட்டினார்கள். பத்திரிகைக்கு அனுப்பினால் திருத்திப் போட்டார்கள். எஸ். பொன்னுத்துரையும் கே. டானியலும் தங்கள் தங்கள் ஊர்ப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மருதானைப் பேச்சுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை.

ஊவாக்காரன்:

நாநா சொல்வதைத்தான் நான் ஒத்துக்கொள்கிறேன். டானியலை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் அவருடைய 'பஞ்சமர்' நாவல் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் விடச் சொல்லி நடந்த போராட்டம் இன்னும் சூடு ஆறவில்லை. அந்தப் போராட்டத்தில் நின்றவரே நாவலையும் எழுதினார். மல்லிகையை நடத்திய டொமினிக் ஜீவா சலூனில் வேலை செய்துகொண்டே எழுதினார், இதழைத் தானே கையில் கொண்டு திரிந்து விற்றார். உள்ளே நிற்கிறவர் எழுதும்போது வருகிற பலம் அது. கொழும்பை எழுதுகிறவரும் கடைக்குள்ளே இருந்து, குசினிக்குள்ளே இருந்துதான் வரவேண்டும். 'மனக்கண்' வாசிக்கிறேன் ரீச்சர். பல்கலைக்கழகத்துக் காதலில் என் கேள்விக்குப் பதில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெற்றா தம்பி:

அண்ணா, நேற்றுக் கடை பூட்டிய பிறகு 'மீன்கள்' வாசித்தேன். நாங்கள் ஆறு பேர் கடைக்கு மேலே ஒரே அறையில் படுக்கிறோம். வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் படிக்கட்டில் போய் இருக்க வேண்டும். கூடப் படுக்கிற பெடியன் ஒருவன் பண்டாரவளைப் பக்கம். அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னான். பிறகு அவனே போனை வாங்கி மிச்சத்தை வாசித்தான். தெளிவத்தை ஜோசப் கொழும்புக் கடைகளை வைத்தும் ஏதாவது கதை எழுதியிருக்கிறாரா?

ஊவாக்காரன்:

தேடிச் சொல்கிறேன் தம்பி. மல்லிகை பழைய இதழ்களில் இருந்து தொடங்குவோம். நீங்கள் எழுபதுகளைப் பாருங்கள், நான் எண்பதுகளைப் பார்க்கிறேன். கடை, சந்தை, துறைமுகம், வீட்டு வேலை என்று எது வந்தாலும் கதையின் பெயரையும் இதழின் மாதத்தையும் இங்கே போடுங்கள். அந்தப் பண்டாரவளைப் பெடியனையும் இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.